சட்டையில் இருந்த வாடை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, சால்வையும் போர்த்தி, "முப்பத்தொரு வருச அனுபவத்தைச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டீர்கள். நான் கை கழுவுவது, நேரத்துக்கு வருவது, டாக்டர் கத்தினால் எப்படி நிற்பது என்று ஏதேதோ உளறிவிட்டு, நீங்கள் கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸிலேயே மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்றை விழுங்கிவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

இது நான் ஒன்றும் தெரியாத வயதில் செய்த தவறு இல்லை. இருபத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்த பிறகு செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "பாவம், சிஸ்டர் அப்ப புதுசு" என்று நீங்களாக எனக்கு ஒரு சாக்கைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டாம்.

இராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவர் ஊர். பெயர் வேண்டாம். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள். கன்னியர் மடத்தார் நடத்திய பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இருந்தது; நான் அதில் சம்பளத்துக்கு வேலை பார்த்த நர்ஸ். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் டாக்டரும் நான்தான், நர்ஸும் நான்தான், சமயத்தில் போலீஸும் நான்தான். ஆள் கேட்டைத் தாண்டி நடந்து வருவதற்குள் இன்ன வியாதி, இது நிஜம், இது நடிப்பு என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நான் நாடியைக்கூடப் பிடிக்காமல், "கோர்ட்டுல வாய்தா என்னைக்கு?" என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கு சிஸ்டர்" என்றான். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பிடித்தது சனியன் எனக்கு. அன்றிலிருந்து என் கண் பொய் சொல்லாது என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பும் நான்தான் எடுப்பேன். மனிதர் பார்ப்பது முகத்தை, கடவுள் பார்ப்பது அகத்தை என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, தப்பாகச் சொன்னவர்களுக்குக் குட்டும் வைத்திருக்கிறேன்.

அந்த ஊரில் இருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் ஊர்த் தலைவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா உத்தரியக் கயிறு, கையில் எப்போதும் ஜெபமாலை. ஆஸ்பத்திரி மோட்டார் எரிந்துபோனால் அவர்தான் ஆள் அனுப்புவார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையை அவர்தான் மைக் பிடித்து நடத்துவார். அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் கரையும். நான் அழுதிருக்கிறேன்.

இன்னொருவன் சூசை. குடிகாரன். அதற்கு முந்தின திருவிழாவில் தேரோடு போய்க்கொண்டிருந்தவன் தேருக்குள்ளேயே விழுந்து, ஜோடித்த பூவையெல்லாம் நாசம் பண்ணினான். அவன் மண்டைக்கு நான் மட்டும் மூன்று தடவை தையல் போட்டிருக்கிறேன். எந்த வள்ளத்திலும் அவனை ஏற்றமாட்டார்கள். தலைவர்தான் மனசு இரங்கித் தன் வள்ளத்தில் வேலை கொடுத்திருந்தார். அதற்காகவும் ஊர் தலைவரைப் புகழ்ந்தது. சூசையின் மனைவி புஷ்பம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு அபிராமத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகும் முன் என்னிடம் வந்தாள். "சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளும் குடியத் தொடாம இருந்து காட்டட்டும், வாரேன்னு சொல்லியிருக்கேன் சிஸ்டர். அவரு பேச்ச நம்பமாட்டேன். ஊரு பேச்சையும் நம்பமாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னே, என் கண் அல்லவா?

வாரம் ஒரு தடவை புஷ்பம் போன் செய்வாள். சூசை என் கண் முன்னால்தான் போய் வந்துகொண்டிருந்தான். நேராக நடந்தான். வேட்டி மண்ணில் புரளவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "சிஸ்டர், சௌக்கியமா?" என்றுகூடக் கேட்டான். எங்கோ ஒளித்து வைத்துக் குடிக்கிறான், மறைப்பதில் ஆள் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். புஷ்பத்திடம் ஒவ்வொரு வாரமும், "பாப்போம் தாயி, பாப்போம்" என்றே சொல்லி வந்தேன்.

இனி பெரிய வெள்ளிக்கு வருகிறேன். அன்று எங்கள் ஊரில் யாரும் கடலில் கால் நனைக்க மாட்டார்கள். வியாழக்கிழமையே வள்ளங்களைக் கரையேற்றிவிடுவார்கள். வீட்டில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். மீறிக் கடலுக்குப் போனால் கோயில் வாசலில் ஊர் பார்க்க முழங்காலில் நிற்க வேண்டும். முந்தின வருடம் ஒரு அப்பனையும் மகனையும் அப்படி உச்சி வெயிலில் நிறுத்தியவர் தலைவர்தான். சரியான தண்டனை என்று நானும் சொன்னேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். கன்னியர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் நானும் ஆயாம்மாவும் மட்டும். ஒரு ஆட்டோ வந்து நின்றது. தலைவரும் ஆட்டோக்காரரும் சூசையை ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். கால் பின்னியது. கண் சொருகியிருந்தது. என்னவோ சொல்ல வந்தான், நாக்குக் குழறியது. பிராந்தி வாடை குப்பென்று அடித்தது.

தலைவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இன்னைக்குமா சிஸ்டர்? ஆண்டவர் பாடுபட்ட நாள்லயுமா? கொஞ்ச நேரம் இங்கன கெடக்கட்டும். ரோட்டுல கெடந்தா ஊரு சிரிக்கும்."

அவர் கண் கலங்கியிருந்தது. இவரல்லவா கிறிஸ்தவர் என்று நினைத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வராந்தாப் பெஞ்சில் படுக்க வைத்தோம். தலைவர் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார். நான் சூசையின் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. சட்டையைத் தளர்த்தவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகூடச் செய்கிற காரியங்கள். எதையும் செய்யாமல் போனை எடுத்தேன். அவன் தலைமாட்டில், இரண்டு அடி தள்ளி நின்று பேசினேன்.

"புஷ்பம், சிஸ்டர் பேசுறேன். நீ என்னய நம்பிக் கேட்டிருக்க, அதான் சொல்றேன். பெரிய வெள்ளியிலயும் குடிச்சிட்டுக் கட்டை மாதிரி கெடக்கான். நீ வராத தாயி. புள்ளைகளையாவது காப்பாத்து."

 "சரிங்க சிஸ்டர்" என்றாள். வைத்துவிட்டாள்.

அதோடு விட்டேனா? ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்தப் பாவியைத் திருத்தும் ஆண்டவரே என்று வாய்விட்டு ஜெபித்தேன். அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

இப்போது ஆயாம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாம்பன் பக்கத்து முஸ்லிம் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. டியூட்டியில் தூங்குவாள். நோயாளிக்கு வந்த ரொட்டியைத் திருடுவாள் என்று பேர். திருடவும் செய்தாள், அதுவும் உண்மைதான். மடத்துத் தலைவியான மதரிடம் நானே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

அவளைக் கூப்பிட்டு, "இவனுக்குக் கொஞ்சம் மோர் குடு, தெளியட்டும்" என்றேன். டம்ளரோடு போனவள், அங்கிருந்தே கத்தினாள்.

"சிஸ்டரம்மா, இங்கன வாங்க."

"என்ன?"

"மோரு உள்ள எறங்கல. கடவாயில வழியுது."

"குடிச்சவனுக்கு வழியத்தான் செய்யும். தொடச்சு விடு."

"குடிச்சவன நீங்க எனக்குக் காட்டப் போறீகளா? இருபது வருசம் ஒருத்தன் கூடக் குடும்பம் நடத்துனவ நான். மோந்து பாருங்க. இவன் வாயி நாறல. சட்டதான் நாறுது."

எரிச்சலோடு எழுந்து போனேன். குனிந்து அவன் வாயருகே மூக்கை வைத்தேன். உப்பும் வெயிலும் கலந்த ஒரு மணம், அவ்வளவுதான். சட்டையில் மூக்கை வைத்தேன். பிராந்தி. சட்டையின் முன்பக்கம் மட்டும், தோளில் இருந்து வயிறு வரை ஈரம் காய்ந்திருந்தது. 

ஆயாம்மா அவன் வேட்டியை முழங்கால் வரை தூக்கினாள். கால் இரண்டிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முழங்கையில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரே கடலைத் தொடாத நாளில், இவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறான். வலது மணிக்கட்டுப் பக்கம் ஊசியால் குத்தினது போல மூன்று புள்ளிகள். வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை. தேடினால்தான் தெரியும்.

கட்டைவிரலால் அவன் இமையைத் தூக்கினேன்.

பிள்ளைகளா, அந்தக் கண் என்னைப் பார்த்தது. குடிகாரன் கண்ணை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். இது தெளிந்த கண். உள்ளே ஆள் முழுசாக விழித்துக்கொண்டிருந்தான். இமையைத் தூக்கத்தான் தெம்பு இல்லை. நான் விரலை எடுத்ததும் இமை தானாக மூடிக்கொண்டது. மூடின இமைக்குக் கீழிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

நான் சிலுவை அடையாளம் போடுவதைப் பார்த்து ஆயாம்மா, "பொறவு சிலுவ போட்டுக்கலாம். இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றாள்.

108-க்குச் சொன்னோம். இராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த டாக்டருக்கு போன் போட்டேன். மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது, உடம்பு முழுக்கச் செயலிழந்து வருகிறது என்றேன். அவர் கேட்டார்: "குடியா, பக்கவாதமா, கடியா? கடின்னா எது? உறுதியாச் சொல்லுங்க சிஸ்டர். மூச்சு மிஷின் ஒண்ணுதான் இப்பக் காலியா இருக்கு. இன்னொரு கேஸும் வந்துக்கிட்டு இருக்கு. நீங்க உறுதியாச் சொன்னா உங்களுக்குன்னு வச்சிருவேன்."

உறுதியாகச் சொல்ல ஊரில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். சூசை வேலை பார்த்தது யார் வள்ளத்தில்? ஆயாம்மாவை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நர்ஸ் உடுப்போடு தெருவில் ஓடினேன்.

சிலுவைப்பாதை பன்னிரண்டாம் தலத்துக்கு வந்திருந்தது. ஆண்டவர் உயிர்விடும் இடம். சனம் முழுக்க மணலில் முழந்தாளில் இருந்தது. தலைவர் மட்டும் நடுவில் மைக்கோடு நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் சனத்தைத் தாண்டி நேரே அவரிடம் போய், காதருகே கேட்டேன். "சூசை கடலுக்குப் போனானா?"

"பெரிய வெள்ளியில யாரும்மா கடலுக்குப் போவா?" என்றார் மெதுவாக.

"மூச்சு நிக்கப் போகுது தலைவரே. எது கடிச்சுச்சு? அத மட்டும் சொல்லுங்க."

அவர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்தினார். என்னைப் பார்க்காமல், உதடு அசையாமல், ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வலக்கடியன்."

வலையைக் கடிக்கும் கடல் பாம்பு. கடித்தால் வலிக்காது. இரண்டு மணி நேரத்தில் உடம்பின் ஒவ்வொரு சதையாகச் செத்துக்கொண்டு வரும். கடற்கரையில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும்.

சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். விட்ட இடத்தில் இருந்து வாசிக்க ஆரம்பித்தார். அதே குரல். ஒரு பிசிறு இல்லை. ஆண்டவர் தலை சாய்த்து உயிர்விட்டார் என்று வாசித்தபோது பெண்கள் ஓவென்று அழுதார்கள்.  எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். சிதைந்த உடம்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் அதிர்ந்த மாதிரி என் வாழ்நாளில் நான் அதிர்ந்ததில்லை. பொய்யான குரலாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது நிஜமாகவே நல்ல குரலாக இருந்தது.

திரும்ப ஓடிக்கொண்டே டாக்டருக்குச் சொன்னேன். "அதுக்கு ஊசி மருந்து நம்மகிட்ட கெடையாது சிஸ்டர். மூச்ச மட்டும் விட்றாதீங்க, மத்தத இங்க பாத்துக்கலாம்" என்றார்.

ஆம்புலன்ஸ் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் சூசையின் மூச்சு நின்றுவிட்டது. அவன் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, அம்பு பேக் என்கிற காற்றுப் பையை நான் கையால் அமுக்க அமுக்கத்தான் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. கை ஓய்ந்தால் ஆயாம்மா வாங்கிக்கொள்வாள். ஆம்புலன்ஸில் வந்த உதவியாளர் ஆக்சிஜனைப் பார்த்துக்கொண்டார். பாம்பன் பாலம் ஏறியதும் வண்டி நின்றது. விடுமுறை நாள். சுற்றுலா வேன்களைப் பாலத்தின் மேலேயே நிறுத்திவிட்டு, ரயில் வருகிறது என்று ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சைரன் அலறுகிறது, ஒருவரும் நகரவில்லை.

ஆயாம்மா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கீழே குதித்தாள்.

"ஏலே எடுபட்ட பயலுகளா! ரயிலு நாளைக்கும் வரும். உள்ள கெடக்கவன் உசுரு வருமாடா? எடுங்கடா வண்டிய!"

அதற்குப் பிறகு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. மதரிடம் நான் எழுதிக் கொடுத்த அத்தனை வார்த்தையும் அதில் இருந்தது, புதிதாகவும் நாலைந்து. பாலம் முழுக்க வழி விட்டது. மூச்சிரைக்க ஏறி வந்து, என் கையில் இருந்து பையை வாங்கிக்கொண்டு, "யா அல்லா, இந்தப் புள்ளயக் குடு" என்று ஒவ்வொரு அமுக்கலுக்கும் சொன்னாள். நான் ஜெபிக்கவில்லை.  வராந்தாவில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து சத்தமாகச் செய்த ஜெபம் அவனுக்கு முழுசாகக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெபம் மட்டுமா? போனில் பேசியதும்.

சூசையை மிஷினில் போட்டார்கள். பிழைப்பான், மாட்டான் என்று இரண்டு நாள் இழுபறி. சிறுநீர் கறுப்பாகப் போனது. புஷ்பத்துக்கு நான் எத்தனை தடவை அடித்தாலும் போன் எடுக்கவில்லை. ஈஸ்டர் பூசைக்கு எல்லோரும் போகும்போது நான் அபிராமம் பஸ்ஸில் ஏறினேன்.

அவள் வீட்டு முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு, சட்டையில் ஊற்றின பிராந்தி, என் போன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குச் சட்டை நாறுச்சு, அதனால ஏமாந்துட்டீக. சரி. அதுக்கு முன்னாடி நாப்பது நாளு எது நாறுச்சு சிஸ்டர்? வாரா வாரம் கேட்டேன். பாப்போம் பாப்போம்னுதான் சொன்னீக. குடிக்கலன்னு ஒரு தடவ கூட ஏன் சொல்லல?"

அவள் அம்மா வீட்டு முற்றத்தில், ஊர் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பத்துக் கட்டளைகளில் எட்டாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே. தெரிந்தே பொய் சொன்னால்தான் அது பாவம் என்று எத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்த நல்லதை நம்ப மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, என்னோடு பஸ் ஏறினாள். 

மறுநாள் தலைவர் இராமநாதபுரம் வந்தார். ஐ.சி.யூ. வாசலில் என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். காற்று அடித்ததால் புதனன்று போட்ட வலையை எடுக்க முடியாமல் போனதாம். வெள்ளிக்கிழமை காற்று அடங்கியதும், வலை போய்விடுமே என்று பயந்து, யாரும் இல்லாத கரையில் இருந்து சின்ன வத்தைப் படகு ஒன்றில் சூசையை மட்டும் அனுப்பியிருக்கிறார். அவன் பெரிய வெள்ளியாச்சே என்று தயங்கினானாம். "நான் தலைவன், நான் சொல்றேன், தோசம் இல்ல" என்று சொல்லி அனுப்பினாராம். கடிபட்டுத் திரும்பி வந்து அவன் கண் சொருக ஆரம்பித்ததும், முந்தின வருடம் முழங்காலில் நிறுத்திய அப்பனும் மகனும்தான் அவர் கண் முன்னால் வந்திருக்கிறார்கள்; குடித்துக் கிடக்கிறான் என்று காட்ட, சட்டையில் பிராந்தியை ஊற்றிவிட்டார்.

"அப்புறம் ஏன் எங்ககிட்டக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதை நீங்கள் மறக்கக் கூடாது. "ஊரு வாயத்தான் மூட நெனச்சேன் சிஸ்டர். அவன் சாகணும்னு நெனைக்கல. ஆஸ்பத்திரியில போட்டா வாடையத் தாண்டி நீங்க பாத்துருவீகன்னு நெனச்சேன். நீங்க பாக்காம விடுவீகன்னு நெனைக்கலையே."

அவரை அறையலாம் என்று கை ஓங்கியிருந்தது உள்ளுக்குள். அப்படியே இறங்கிவிட்டது. ஒரு பாட்டில் பிராந்தியை ஊற்றினால் இவள் ஏமாறுவாள் என்று அவர் கணக்குப் போடவில்லை. நான்தான் அவர் எதிர்பார்த்ததற்கும் மேலே போய் ஏமாந்திருக்கிறேன். கடி கேஸ் என்று விசாரிக்க வந்த போலீஸிடம் சூசை பிறகு, "நானாத்தான் போனேன்" என்று சொல்லிவிட்டான். தலைவர் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தானே எழுந்து ஊரிடம் சொல்லிவிட்டுப் பதவியை விட்டார். கோயில் வாசலில் முழங்காலில் நின்றார். எனக்கு அதைப் பார்த்துத் திருப்தி வரவில்லை. நானும் பக்கத்தில் நிற்க வேண்டியவள், என்னை யாரும் கூப்பிடவில்லை.

பத்தாம் நாள் சூசையின் தொண்டையில் இருந்து குழாயை எடுத்தார்கள். புஷ்பம் தலைமாட்டில் நின்றாள். ஆயாம்மா எங்கிருந்தோ எடுத்து வந்த ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

சூசை கண் திறந்தான். முதலில் என்னைத்தான் பார்த்தான். பக்கத்தில் வரச் சொல்லி விரலை அசைத்தான்.  திட்டட்டும் என்று குனிந்து காதைக் கொடுத்தேன். மனைவி பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது. காற்றாக வந்தது குரல்.

"சிஸ்டர். நாப்பது நாளும் ஒரு சொட்டு தொடல."

"தெரியும் சூசை."

"தலைவரு மேல ஊத்தையில..." நிறுத்தி மூச்சு வாங்கினான். "ஒதட்டுல ரெண்டு சொட்டு பட்ருச்சு. தொடைக்கக் கை வரல. உள்ள போயிருச்சு." அவன் கண்ணில் பயம். மிஷினில் கிடந்தபோதும் நான் பார்க்காத பயம். "அது கணக்குல வருமா சிஸ்டர்? புஷ்பம் கேட்டா என்ன சொல்ல?"

பத்து நாளாக, அசைய முடியாத உடம்புக்குள் கிடந்து, அவன் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். பாம்பை நினைக்கவில்லை. தலைவரை நினைக்கவில்லை. என்னை நினைக்கவில்லை.

அதுவரை எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு நான் சொல்லக் கூடாது. அவனைப் பற்றிச் சாட்சி சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கட்டிலை விட்டு விலகி, புஷ்பத்துக்கு வழி விட்டேன்.

அவள் வந்து குனிந்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பேச விடவில்லை. சேலை முந்தானையை எடுத்து அவன் உதட்டைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்துவிட்டு, இன்னொரு தடவையும் துடைத்தாள்.